நாலு மணிக்குக் குறையும் வேகம்

வீட்டில் இணைய வேகம் குறைந்துவிட்டது என்று புகார் செய்கிறவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கூடிவிட்டது என்று புகார் செய்தவள், எனக்குத் தெரிந்து, மாஸ்டரம்மா ஒருத்திதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் புகார் எண்ணைக் கூப்பிட்டாள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம், ஸ்பீடு வரலையா?"

"வருது. ரொம்ப வருது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "மேடம், உங்க ப்ளான்ல என்ன வேகம் போட்டிருக்கோ அதுதான் வருது. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"சரியா இருக்குன்னு எனக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் சாயங்காலம் நாலு மணி ஆனா பாதியா எறங்கும். இந்தத் திங்கக்கிழமையிலிருந்து எறங்கவே மாட்டேங்குது. ஏன்னு கேக்கறேன்."

"நல்லதுதானே மேடம்?"

"நல்லதா கெட்டதான்னு நான் உன்கிட்ட கேட்டேனா? காரணம் கேட்டேன். ஆள அனுப்பு."

பாவம் அந்தப் பெண். இருபது வருஷம் தையல் கம்பெனியில் வெட்டு மேசைக்கு முன்னால் நின்று, நாற்பது ஆம்பிளைகளை ஒரு பார்வையில் அடக்கி வைத்திருந்த கட்டிங் மாஸ்டரோடு பேசுகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு போனை வைத்தாள்.

கம்பெனியில் வைத்த பெயர்தான் மாஸ்டரம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "அளவு சரியா வரல" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுப்பாள், கேட்டவர் நகர்ந்துவிடுவார். அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்பெனி கம்ப்யூட்டர் கொடுத்தது. சட்டைக்கு ஒரு அளவில் வெட்டுப்படம் வரைந்து, அதைச் சின்னது முதல் பெரியது வரை எட்டு அளவாக்கி, மாலை ஐந்துக்குள் இணையத்தில் அனுப்பிவிட வேண்டும். காலையில் அங்கே துணி வெட்டுவார்கள். ஒரு நூல் அளவு பிசகினால் ஆயிரம் சட்டைக்குக் கை தூக்க வராது. அதனால் அவள் அளக்காமல் எதையும் நம்புவதில்லை. கம்ப்யூட்டரே அளந்து கொடுக்கிற காலத்திலும் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. என்ன படம், எத்தனை மணிக்கு அனுப்பத் தொடங்கியது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல நேரத்தில் ஒரு படம் போக நாலு நிமிஷம். நாலு மணிக்கு மேல் அதே படம் போக ஒன்பது நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷ வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் மாஸ்டரம்மாவுக்குத் தங்கை.

தங்கை மாடியில் இருக்கிறாள். கணக்கு டீச்சர். திங்கள் முதல் வெள்ளி வரை நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இணையத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அப்பா கட்டிய வீடு. கீழே அக்கா, மாடியில் தங்கை, நடுவில் வெளிப்புறமாக ஏறுகிற பதினெட்டுப் படி. அந்தப் பதினெட்டுப் படியை ஒருத்தி ஏறியோ ஒருத்தி இறங்கியோ இன்னொருத்தி வீட்டுக்குள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது ஒரு சாயங்காலம் நாலே காலுக்கு. மாஸ்டரம்மா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மாடிக்குப் போன் அடித்தாள். ஏழு தடவை. மேலே வகுப்பு நடக்கிறது, போன் சத்தமில்லாமல் கிடக்கிறது. ஐந்தரைக்குத் தங்கை இறங்கி வந்தபோது அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள், அம்மா இல்லை. வாசலில் நின்றவளைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் மாஸ்டரம்மா கேட்டாள்: "பாடம் முடிஞ்சுதா டீச்சர்?"

அவ்வளவுதான். தங்கை ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். காரியமெல்லாம் முடிந்து வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டபோதுகூட உறவுக்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து இவள் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவளுக்கும் சொன்னார். ஆறு நாற்காலி மூன்று மூன்றானது. பீரோ மேலே போனது, கட்டில் கீழே நின்றது. அம்மாவின் போர்வைகள்கூட எண்ணிப் பிரிந்தன. யாருக்கும் ஞாபகம் வராமல் பொதுவிலேயே தங்கிப்போனது ஒன்றே ஒன்று, படிப்பக்கத்து ஜன்னலில் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டி. கீழிருந்து மாடிக்கும் எட்டட்டும் என்று அதை அந்த ஜன்னலில் வைக்கச் சொன்னவளும் தங்கைதான், 'கீழ் வீடு' என்று அதற்குப் பெயர் கொடுத்தவளும் அவள்தான்.

மாஸ்டரம்மா கடவுச்சொல்லை மாற்றவில்லை. பெட்டியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தவும் இல்லை. நாலு மணி ஆனால் தானாகக் கண் கம்ப்யூட்டரின் மூலைக்குப் போகும். வேகம் சரிந்ததும், "வந்துட்டா" என்று முனகிக்கொள்வாள். ஐந்தரைக்கு ஏறினால், "முடிச்சுட்டா, தண்ணி குடிப்பா இப்ப." யாருக்குச் சொல்கிறாள்? சுவருக்குத்தான். முதல் வருஷத்தில் ஒரு வாரம் வேகம் குறையாமலே இருந்தது. மேலே காய்ச்சல் என்று காய்கறிக்காரர் சொன்னார். அந்த வாரம் மாஸ்டரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி வைத்துப் பாத்திரத்தோடு நாலாவது படி வரை ஏறி, திரும்பி வந்து தானே குடித்தாள். ரோஷம் அவ்வளவு சீக்கிரம் கரைகிற சாமானா என்ன?

அதற்குப் பிறகு தங்கை கவலையே வைக்கவில்லை. நோட்டைப் புரட்டினால் தெரியும், கடந்த பதினான்கு மாசமாக ஒரு நாள் விடாமல் நாலு மணிக்கு வேகம் இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில்கூட! 'லீவே போட மாட்டேங்கறாளே, உடம்பு என்னத்துக்கு ஆகும்' என்று அங்கலாய்ப்பாள். கூடவே பெருமையாகவும் இருக்கும். நம் வீட்டுப் பெண் அல்லவா, உழைப்பில் குறை வைப்பாளா?

இந்தத் திங்கட்கிழமை நாலு மணிக்கு வேகம் இறங்கவில்லை. படம் நாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. செவ்வாயும் அப்படியே. காய்ச்சலோ என்று காது கொடுத்தாள். மேலே நாற்காலி நகர்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், எல்லாம் வழக்கம்போல. ஆள் நன்றாக நடமாடுகிறாள். வகுப்பை நிறுத்திவிட்டாளா? அல்லது வேறு லைன் வாங்கிக்கொண்டாளா? மிச்சமிருந்த ஒன்றையும் அறுத்துவிட்டாளா? புதன்கிழமையும் இறங்கவில்லை. வியாழக்கிழமைதான் அந்தப் புகார்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு லைன்காரர் வந்தார். காதோரம் நரைத்த ஆள், தோளில் கறுப்புப் பை, வேகத்தைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருஷமாகத் திட்டு வாங்கி வாங்கிப் பழுத்த முகம்.

"நீங்கதானா அது?" என்றார் வாசலிலேயே. "ஆபீஸ்ல உங்க புகார வாசிச்சுட்டு எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். என் சர்வீஸ்ல வேகம் கூடிப்போச்சுன்னு ஒரு வீடு இதுதான்மா."

"சிரிச்சது போதும், உள்ள வாங்க."

அவர் ஜன்னலில் இருந்த பெட்டியைப் பார்த்தார், அறையின் மறுகோடியில் இருந்த மேசையைப் பார்த்தார். "இத ஏன் இங்க வச்சிருக்கீங்க? அந்த மேச மேல வச்சா இன்னும் நல்லா வருமே."

"அது அங்கதான் இருக்கும்."

அந்தக் குரலுக்கு மேல் அவர் கேட்கவில்லை. தன் போனில் எதையோ திறந்து பெட்டியின் விவரங்களைப் பார்த்தார். "வேகம் ஏறினாலும் எறங்கினாலும் காரணம் மூணு எடத்துலதான்மா இருக்கும். எங்க லைனு, இந்தப் பெட்டி, இல்ல வீட்டு ஆளுங்க. ஒரே தொட்டி, நாலு குழாய். ஒருத்தர் திறந்தா இன்னொருத்தருக்குக் கம்மியா வரும், மூடினா கூட வரும். பத்து வீட்டுக்கு எட்டு வீட்டுல வீட்டு ஆளுங்கதான் காரணம். திட்டு மட்டும் எனக்கு." பிறகு புருவத்தைத் தூக்கினார். "இது என்னம்மா? டெய்லி ராத்திரி பத்துக்கு இத அணைச்சுட்டு காலைல அஞ்சே முக்காலுக்குப் போடறீங்க? ஒரு நாள் தவறல."

"எங்கம்மா பழக்கம். படுக்கப் போறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லா சுவிட்சும் அணைச்சாகணும். எந்திரிச்சதும் போடணும்."

"இத அணைக்கவே வேண்டாம்மா."

"அணைக்கத்தான் செய்வேன். நீங்க வந்த வேலையப் பாருங்க. நாலு மணிக்கு எறங்கின வேகம் இப்ப ஏன் எறங்கல?"

"இப்ப இந்த லைன்ல இருக்கறது ரெண்டே ரெண்டு. உங்க போன், உங்க கம்ப்யூட்டர்."

"மாடில? என் தங்கச்சி லேப்டாப்பு, அவ போனு?"

அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். தள்ளிக்கொண்டே போனார். "இருக்கும்மா. பழைய கணக்குல ரெண்டு இருக்கு. கடைசியா வந்தது... பதினாலு மாசம் ஆச்சே."

"தப்பு."

"இல்லம்மா, இதுல தேதி—"

"தப்புன்னு சொல்றேன்ல! போன வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்துட்டிருந்தா. நான் எழுதி வச்சிருக்கேன்." மாஸ்டரம்மா நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இப்படி ஒரு நோட்டை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு அவளுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து நாற்காலியைத் திருப்பினார்.

"நோட்டும் சரி, பெட்டியும் சரிம்மா. வேகத்த இழுத்தது இதுதான்." கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார். "நாலு மணி ஆனா இதுவே உங்க வேலை அத்தனையும் ஒரு நகல் எடுத்து கம்பெனிக்கு அனுப்பற மாதிரி யாரோ வச்சிருக்காங்க. ஞாயிறு, சனி கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஓடுது. போன வெள்ளியோட நிறுத்திட்டாங்க. அதான் இப்ப முழு வேகம். மாடில தனியா எடுத்திருக்காங்க போல, பின்பக்கச் சுவத்துல வேற கம்பெனி கேபிள் ஏறுதே, வரும்போதே பார்த்தேன்."

மாஸ்டரம்மா நோட்டைப் பின்னுக்குப் புரட்டினாள். பதினான்கு மாசத்துக்கு முன்னால், அவள் கையெழுத்திலேயே ஒரு வரி: 'தாமதம். மேனேஜர் சத்தம்.'

அந்த நாள் அப்படியே வந்து நின்றது. படம் ஐந்தேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் போனில் கத்தினார். இவள் படிப்பக்கத்து ஜன்னலில் நின்று பதிலுக்குக் கத்தினாள்: "நான் என்ன சார் பண்றது? நாலு மணி ஆனா மேல இருக்கறவங்க மொத்தத்தையும் உறிஞ்சிடறாங்க, என் பொழப்பு நாறுது!" வாய்க்கு வந்த சாக்கு. மேனேஜர் வாயை அடைக்கச் சொன்னது. அப்போது படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது, பாதியில் நின்றது, திரும்ப ஏறிப்போனது. குப்பை கொட்ட வந்தவள் எதையோ மறந்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தாள் இவள்.

மறுநாள் கம்பெனி கம்ப்யூட்டர்க்காரர் போனில் கூப்பிட்டு, இனிமேல் வேலை எதுவும் விட்டுப்போகாதபடி தினமும் தானாகவே நகல் போய்விடும் என்று ஏதோ சொன்னார். சரி சரி என்றுவிட்டு, சொன்ன இடத்தில் அழுத்தினாள். அதே வாரத்தில் மேலே அவள் இந்த லைனை விட்டிருக்கிறாள். அக்காவுக்குத் தன்னால் பிழைப்பு கெட வேண்டாம் என்று சத்தம் காட்டாமல் விலகிப்போயிருக்கிறாள். அவள் எழுந்துபோன இடத்தில் அந்த வாரமே இந்த நகல் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மாஸ்டரம்மா பதினான்கு மாசம் தினம் தினம் "வந்துட்டா, வந்துட்டா" என்று பூரித்துப்போனது தன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான்.

அவளும் ஒரு மாஸ்டர்!

லைன்காரர் பையை மாட்டிக்கொண்டார். "புகார முடிச்சுடட்டுமா? என்ன காரணம்னு போட?"

"என்னத்தையாவது போடுங்க."

அவர் வாசலில் தயங்கி, மாடிப் படிகளை ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தார். "பதினெட்டுப் படிதானேம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் முறைப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மணி நாலு பத்து. கம்ப்யூட்டரின் மூலையில் வேகம் முழுசாக, கொழுகொழுவென்று நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. தங்கையின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. "அக்கா" என்று அவள் இழுக்கிற இழுப்பை, சின்ன வயதில் ஜுரம் வந்தால் தன் வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு தூங்கியவளின் குரலை, ஒரே ஒரு தடவை. அந்த ஒரு வார்த்தையை, அந்தப் 'பாடம் முடிஞ்சுதா'வை, எப்படியாவது விழுங்கிவிட முடிந்தால்! எழுந்து படிக்கு வந்தாள். நாலு படி ஏறினாள். மேலே கதவு சாத்தியிருந்தது, வகுப்பு நேரம். நடுவில் போய்க் கதவைத் தட்டி என்னவென்று சொல்வது? மூன்று வருஷமாகத் தட்டாதவள் இன்றைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால்? இறங்கிவிட்டாள்.

உள்ளே வந்ததும் ஜன்னலில் பச்சை விளக்கு மினுக்கியது. இத்தனை நாள் யாருக்காக இந்த ஜன்னலில் இருந்தாய் நீ? கை நீட்டி, பட்டப்பகலில், பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கழுத்தில் இருந்த டேப்பைக் கழற்றி மேசையில் போட்டாள். அம்மாவின் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். மேலே நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. கதவு படீரென்று திறந்தது. செருப்பில்லாத கால் படிகளில் தடதடவென்று இறங்கியது, இரண்டு இரண்டாகத் தாண்டி. பாதியில் நிற்கவில்லை.

வாசலில் தங்கை நின்றாள். மூச்சு இரைத்தது. காதில் இருந்த ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியிருந்தது, பிய்த்துக்கொண்டு வந்த வேகத்தில் அதன் ஒயர் முழங்கால் வரை தொங்கியது. விரல் நுனியெல்லாம் பேனா மை.

"அக்கா!"

மாஸ்டரம்மா எழுந்தாள். எழுந்தவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுத் தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கியா? ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்னடி? என்ன ஆச்சு?"

"'கீழ் வீடு' காணோம்க்கா." சொல்லும்போதே அழுகை உடைந்தது அவளுக்கு. "போன்ல, வைஃபை லிஸ்ட்ல. பசங்களுக்கு ஒரு கணக்கு குடுத்துட்டு, அவங்க போடற நேரத்துல எப்பவும் ஒரு தடவ பாத்துக்குவேன். காலைல அஞ்சே முக்காலுக்கு வரும். நீ எந்திரிச்சுட்டே. ராத்திரி பத்துக்குப் போகும். நீ படுத்துட்டே. பகல்ல ஒரு நாளும் போனதில்ல. இன்னிக்குப் பாத்தா இல்ல. எனக்கு... அம்மாவுக்கு அன்னிக்கு இதே நேரம்தானே..."

மாஸ்டரம்மாவுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. சொல்லவும் இருந்தது. மன்னிச்சுக்கடி என்று தொடங்க நினைத்தாள். தொண்டையில் இருந்து வந்ததோ வேறொன்று. வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது, உடம்பெல்லாம் கூசிப்போனது.

"பாடம் முடிஞ்சுதா?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"முடியலக்கா. பாதியில வந்துட்டேன்."